பீடம் ஒன்று, வாசல் இரண்டு

பொன்முடியிலிருந்து தெற்கே நீளும் மலைத்தொடர் அகத்தியர்கூடம், மகேந்திரகிரி என்று போய் ஆரல்வாய்மொழிக் கணவாய் அருகே தாழ்கிறது. அங்குள்ள காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று திருவிதாங்கூர் சிப்பாய்கள் ஒரு கைதியைச் சுட்டுக் கொன்றார்கள். கைதியின் பழைய பெயர் நீலகண்ட பிள்ளை. சொந்த ஊர் நட்டாலம். மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்தவர். 1741ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறியவர். 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 270 ஆண்டுகள் கழித்து, 2022 மே 15 அன்று, போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்த நிலையை அடைந்த முதல் இந்தியப் பொதுநிலையினர் அவர்.

அவர் கொல்லப்பட்டது மதத்துக்காகவா, அரசியல் காரணத்துக்காகவா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாதம் எப்படி முடிந்தாலும் ஒரு விஷயம் மாறப்போவதில்லை. ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவர் சாதி வேற்றுமை பாராமல் பழகினார். எல்லோரும் சமம் என்று பேசினார். மேல்சாதியினரின் கோபத்தைச் சம்பாதித்துத் தந்தது அதுதான் என்று வாடிகனின் குறிப்பே சொல்கிறது.

விசுவாச வாழ்க்கைக்குத் தடைகள் எவை என்று கேட்டால் பிரசங்கிகளிடம் பட்டியல் தயாராக இருக்கும்: சாத்தான், சோதனை, பண ஆசை, குடி, ஜெபத்தில் சோர்வு. எல்லாம் தனி மனிதனின் பலவீனங்கள். முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்கக் கூடியவை. தமிழ்க் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய தடை இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதைப் பலவீனம் என்று யாரும் நினைப்பதில்லை. வழக்கம் என்று நினைக்கிறார்கள்.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தைப் பார்க்கலாம். 1872ல் அங்கே கட்டப்பட்ட ஆலயம் கால்சட்டை போன்ற அமைப்புடையது. ஒரு காலில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார். இரண்டும் சேரும் இடத்தில் பீடம். பூசை வைக்கும் சாமியாருக்கு இரு தரப்பும் தெரியும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. 1910ல் நடுச்சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. கடவுள் முன்னிலையில் சேர்ந்து உட்காருவதா கூடாதா என்பதை ஆங்கிலேயர் காலத்து நீதிபதிகள் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

கத்தோலிக்கர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் சீர்திருத்தச் சபைகளில் ஒலிக்கின்றன. சாதி வழக்கத்தைக் கைவிடச் சொன்ன புதிய மிஷனரிகளை எதிர்த்து 1829ல் எழுதியவரும் அவரே. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சையில் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் பக்தி குறைந்தவர்கள் அல்ல. அதுதான் யோசிக்க வைக்கிறது. உண்மையான பக்தியும் உறுதியான சாதி உணர்வும் ஒரே நெஞ்சில் சண்டையில்லாமல் குடியிருக்க முடிகிறது.

இது பழங்கதையும் அல்ல. 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், ஆலயத்திலும் சாவு ஊர்வலப் பாதையிலும் சம உரிமை கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்த சுவரை இடிக்கக் கோரிப் போராட்டங்கள் நடந்தன. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கை, 1.9 கோடிக் கத்தோலிக்கர்களில் சுமார் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று கணக்கிட்டது. தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருப்பதை ஒப்புக்கொண்டது. தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா பொறுப்பேற்றது 2022 ஆகஸ்டில்தான்.

ஒப்புக்கொள்வது முதல் படி. கத்தோலிக்கர்களின் பாவசங்கீர்த்தனத்தில் அதற்கு அடுத்த படியும் உண்டு: பரிகாரம். தேவசகாயத்தின் விஷயத்தில் சிறிய அளவில் அது நடந்தது. புனிதர் பட்டத்துக்கான ஆவணங்களில் அவர் பெயரோடு 'பிள்ளை' ஒட்டியிருப்பதை முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் உள்ளிட்டோர் ஆட்சேபித்து எழுதினார்கள். வாடிகன் அந்தச் சொல்லை நீக்கியது. சாதியை உதறியதால் பகை தேடிக்கொண்டவருக்கு அவர் உதறியதையே மறுபடி மாட்டிவிடுவது எவ்வளவு பெரிய அபத்தம் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

ரோமில் ஒரு சொல்லை அடிப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மணமகள் தேவை விளம்பரங்களில் கிறிஸ்தவ என்ற சொல்லை ஒட்டி வரும் அடுத்த சொல்லை யார் அடிப்பது? அதற்கு ஆயர்களின் அறிக்கையோ நீதிமன்றத் தீர்ப்போ உதவாது. விளம்பரத்தை எழுதும் அப்பாவும் அம்மாவும்தான் அடிக்க வேண்டும். பூசைக்கும் ஜெபக் கூட்டத்துக்கும் தவறாமல் போகிறவர்கள்தான் அவர்களும்.