குறையில்லாத இடத்தில் கத்தி எதற்கு?

பெண்ணுறுப்பின் உள்ளிதழ்களைச் சிறிதாக்கும் 'லேபியாபிளாஸ்டி' விளம்பரம் செங்கல்பட்டு மாவட்டம் செம்பாக்கத்துப் பெண்களின் கைபேசிக்கும் வந்துவிடுகிறது. ஓரிதழ் நீண்டும் மற்றது குறுகியும் இருப்பது இயல்பு, நோயல்ல. இதை விளம்பரம் சொல்லாது. கல்யாணத்துக்கு முன் 'சரிசெய்துகொள்' என்பவர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம்.

சைக்கிள் மிதித்தால் உரசி வலிக்கிறது, லெக்கிங்ஸ் போட்டால் புண்ணாகிறது என்பவர்களுக்கு அறுவை உதவலாம். ஆனால் ரத்தக்கசிவு, தொற்று, தையல் பிரிதல், தழும்பு, உணர்ச்சிக் குறைவு எல்லாம் நேரக்கூடியவை. வெட்டிய திசு திரும்ப வளராது. தாம்பத்தியத்துக்குச் சுமார் 6 வாரம் பொறுக்க வேண்டும். வளர்ச்சி முடியாத வயது என்பதால் 18-க்குள் வேண்டாம் என்று பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013-லேயே சொல்லிவிட்டது.

முதலில் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை செய்பவருக்குத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு உண்டா என்று கேட்க வெட்கமென்ன? மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி பதிவு பெறாத அழகு கிளினிக்குகள் இருந்தால், செங்கல்பட்டு மாவட்டச் சுகாதாரத் துறை பூட்டட்டும்.