நந்தனுக்கு நெருப்பு மூட்டியது யார்?

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் சமீபத்தில் ஒரு சண்டை நடந்தது. ஏப்ரல் 14-க்கு நாடகம் போடுவது என்று முடிவாகியிருந்தது. பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் பதினைந்து பேர். கையில் பறை இருக்கிறது, ஒரு பழைய கிதார் இருக்கிறது, டிரம்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். "ராக் மியூசிக்கல் போடலாம்க்கா" என்றாள் ஒருத்தி. எல்லாருக்கும் பிடித்திருந்தது. "என்ன கதை?" என்று கேட்டேன். "நந்தன்" என்றாள்.

அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகிவிட்டது.

"அது அடிமைக் கதைக்கா. சாமியைப் பார்க்கணும்னு நெருப்புல இறங்குறான். வெளிய வரும்போது பூணூலோட வர்றான். இதையா அம்பேத்கர் பிறந்தநாள்ல போடுறது?" என்றான் ஒரு தம்பி.

"எங்க தாத்தா வயல்ல பாடுன பாட்டு அது. நம்ம ஆளு கதையை ஏன் அவங்களுக்கு விட்டுக்கொடுக்கணும்?" என்றாள் நாடகம் கேட்டவள்.

அன்று இரவு முழுக்க யோசித்தேன். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தச் சண்டை நமக்கு முன்பே தொடங்கியது. நந்தனார் மேடையேறிய நாளிலிருந்து நடக்கிறது.

நந்தனின் ஊராகப் பெரியபுராணம் சொல்லும் ஆதனூர், கொள்ளிடக் கரையில் இருக்கிறது. அந்தக் கொள்ளிடம்தான் நம் அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை. ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறினால் தில்லை அதிக தூரமில்லை. ஆக, இது எங்கோ நடந்த கதை இல்லை.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன நந்தன், கோயில் பேரிகைகளுக்குத் தோல் கொடுப்பவர், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுப்பவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகும், அவர் வெளியே நிற்பார். தில்லைக்கு 'நாளை போவேன்' என்று தள்ளித் தள்ளிப் போட்டதால் அவர் பெயரே திருநாளைப்போவார் ஆனது. பிறவியை நினைத்த தயக்கம்தான் அந்த 'நாளை'க்குக் காரணம் என்கிறது பெரியபுராணம்.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையை எடுத்து 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யாகப் பாடினார். 1860-களின் தொடக்கத்தில் அது அச்சாகி வந்தது. சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தை அதில் அவர் கொண்டுவந்தார். அவர்தான் வேதியர், நந்தன் வேலை செய்யும் பண்ணையின் முதலாளி. தில்லை போக நந்தன் அவரிடம் உத்தரவு கேட்கிறார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 250 ஏக்கருக்கு மேல்!

இந்த ஒரு மாற்றத்தில் கதையே வேறாகிவிடுகிறது. 'நாளை'க்குக் காரணம் இப்போது நந்தனின் மனத் தயக்கம் இல்லை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை! பக்திக் கதை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, பாதி வரைக்கும் ஒரு பண்ணையாள் முதலாளியிடம் விடுப்புக் கேட்கும் கதை. தன் உடம்பு தனக்குச் சொந்தமில்லாத ஒரு மனிதனின் கதை.

அதனால்தான் அது பற்றிக்கொண்டது. கதாகாலட்சேபமாக, நாடகமாக, பிறகு சினிமாவாக ஓடியது. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தை இன்றும் ஆச்சரியமாகப் பேசுகிறார்கள். 1942-இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார்.

ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி ரசிக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணப் பிழை இருக்கிறதென்று சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார், பாட்டைக் கேட்டு உருகிய பிறகுதான் தந்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். சபாக்களில் இன்றைக்கும், உள்ளே வரலாமா என்று நந்தன் கேட்கும் பாட்டை மாஞ்சி ராகத்தில் பாடினால் கண்கலங்குபவர்கள் உண்டு. கச்சேரி முடிந்து வீட்டுக்குப் போனதும் யாரை எந்த வாசலில் நிறுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம். நம் ஆட்களுக்கோ வேறு கோபம். அந்தக் கீர்த்தனையில் சேரிப் பெரியவர்கள் நந்தனைத் தடுக்கிறார்கள். நம்ம சாமிகள் போதாதா என்கிறார்கள். அவர்களையும் அவர்களுடைய சாமிகளையும் கேலிப் பொருளாக்கித்தான் நந்தனை உயர்த்திக் காட்டுகிறது அந்த நாடகம். சேரியை விட்டு வெளியேறினால்தான் மேன்மை என்ற செய்தி அதற்குள் இருக்கிறது. தம்பியின் கோபம் நியாயமானது.

ஆனால் இந்தக் கதையை நம் முன்னோர்கள் தூக்கி எறியவில்லை, கைப்பற்றினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் தன் 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தனை அரசனாக எழுதினார். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்திலேயே, எந்த ஊரில் நந்தன் எரிந்ததாகச் சொல்கிறார்களோ அந்த ஊரிலேயே, 1916-இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். நெருப்புக்குள் இறக்கப்பட்டவரின் பெயரில் நம் பிள்ளைகளுக்கு எழுத்து கிடைத்தது. அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவருக்கும். சாதி ஒழிப்பு பற்றிய விவாதத்தில், கடவுள் முன் சமம் என்று சொன்ன துறவிகள் மனிதருக்கு மனிதர் சமம் என்று போராடவில்லை என்று கடுமையாக விமர்சித்தவரும் அவர்தான். விமர்சித்தார், கைவிடவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் அம்பேத்கர்.

ராக் மியூசிக்கல் என்றதும் அந்தப் பெண் போனில் காட்டியது 'ரென்ட்'. 1996-இல் நியூயார்க்கில் மேடையேறி, பிராட்வேயில் 12 வருடம் ஓடிய நாடகம். எய்ட்ஸ் காலத்து ஏழைக் கலைஞர்களைப் பற்றியது. எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சன், பார்வையாளர்களுக்கான முதல் காட்சிக்கு முந்தைய இரவில் இறந்துபோனார். ஒரு தலைமுறைக்கே அது தைரியம் கொடுத்தது. அதே நாடகத்தைத்தான் சாரா ஷுல்மன் என்ற எழுத்தாளர் கேள்வி கேட்டார். என் நாவலிலிருந்து எடுத்திருக்கிறார்கள், எங்கள் துயரத்தை எங்களை ஓரத்தில் வைத்துவிட்டுச் சொல்கிறார்கள் என்றார். அதில் சாவது ஏஞ்சல், பெண்ணுடை அணியும் லத்தீன் அமெரிக்க இளைஞர். ஏஞ்சலின் சாவைப் பார்த்து மற்றவர்கள் திருந்துகிறார்கள். நந்தன் நெருப்பில் இறங்கியதும் தில்லை அந்தணர்கள் கைதொழுவதைப் போல. ஒடுக்கப்பட்டவர் செத்தால்தான் பார்ப்பவர் மனம் இளகும் என்றால், அந்த நாடகம் யாருக்காக?

என் கேள்வி நந்தனின் பக்தி பற்றியது அல்ல. அந்தக் கடைசிக் காட்சி பற்றியது. சுத்தமானவன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு எப்போதும் ஏன் நம் தலையிலேயே விழுகிறது? பூட்டிய கதவுக்குப் பரீட்சை கிடையாது. கதவுக்கு வெளியே நிற்பவனுக்குத்தான் பரீட்சை.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட நம் மக்கள் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அங்கிருந்து யாரும் பூணூலோடு எழுந்து வரவில்லை. வெண்மணிக்குப் பத்தாண்டு கழித்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'நந்தன் கதை' நாடகத்தில் நெருப்பு ஒரு சதி, நந்தன் சாகிறார். வெண்மணியைப் பார்த்த பிறகு வேறு எப்படி எழுத முடியும்?

நம் அரியலூர் மாவட்டத்துக் குழுமூரின் அனிதாவையும் நினைத்துப் பாருங்கள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. அதற்குப் பிறகும் 'தகுதியை நிரூபி' என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடிய பிள்ளையை 2017 செப்டம்பர் 1 அன்று இழந்தோம். அன்று அழுத ஊரே, தலைவர்களே, தொலைக்காட்சிகளே எத்தனை பேர்! கண்ணீர் நிறைய வந்தது. கதவு திறக்கவில்லை.

அதனால் பிள்ளைகளிடம் நான் சொன்னது இதுதான். நாடகத்தை விடாதீர்கள். அந்த விடுப்புக் கேட்கும் காட்சியை எடுங்கள், அதைப் பெரிதாக்குங்கள். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போய், ஊர்த் திருவிழாவுக்குக்கூடத் திரும்ப முடியாத அண்ணன்களும் அத்தைகளும் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் பேசி வசனம் எழுதுங்கள். சேரிப் பெரியவர்களைக் கேலி செய்யாதீர்கள், அவர்கள் கேட்பதற்கும் மேடையில் இடம் கொடுங்கள். கடைசியில் நெருப்பு மூட்டும் இடம் வரும்போது பாட்டை நிறுத்துங்கள். பறை மட்டும் அடிக்கட்டும். கூட்டத்தைப் பார்த்துக் கேளுங்கள்: இதை மூட்டியது யார்?

தம்பி இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ நந்தன் உள்ள போறானா இல்லையாக்கா?" என்று கேட்டான். அதை நீயே எழுது என்று நோட்டை அவனிடம் கொடுத்திருக்கிறேன். நேற்று வரைக்கும் நாலு முறை அடித்துவிட்டு எழுதியிருக்கிறான்.

தோழர்களே, உங்கள் ஊரில் பெரியவர்கள் நந்தனை எப்படிச் சொல்கிறார்கள்? அரசன் என்றா, அடியார் என்றா, எரிக்கப்பட்டவர் என்றா? கேட்டு எழுதி வையுங்கள். அடுத்து மேடை போடப்போகிறவர்கள் நீங்கள்தான்.

ஜெய்பீம்!