கன்வெர்ட்டருக்கு முத்திரை எங்கே?

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியில் இழுவை இல்லை. ஸ்கேனரைச் செருகினால் பி0420 என்று காட்டுகிறது. "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு சார். புதுசு போட்டா ரொம்ப ஆகும். உள்ளே இருக்கறதைத் தட்டி எடுத்துட்டா வண்டி பறக்கும்" என்பார் மெக்கானிக். பலரும் தலையாட்டிவிடுகிறார்கள்.

அப்படித் தட்டி எடுக்கப்படுவது, சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 துளைகள் கொண்ட தேனடை போன்ற பீங்கான் கட்டி. துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் சில கிராம் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் இங்கேதான் நஞ்சு குறைந்து வெளியேறுகின்றன. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் பட்டால் இந்தப் பூச்சு செயலிழந்துவிடும். ஆகவே ஈயமில்லாப் பெட்ரோலும் கையோடு வந்தது.

மாற்றத்தான் வேண்டும் என்றால், பழையது ஏன் கெட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கன்வெர்ட்டர் தானாகச் சாவது குறைவு. ஸ்பார்க் பிளக் சரியாக எரிக்காமல் விட்ட பெட்ரோல் உள்ளே போய் எரிந்து பீங்கானை உருக்கியிருக்கும். அல்லது இன்ஜின் ஆயிலைக் குடித்து, அதன் கசடு துளைகளில் படிந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதிதை மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

அடுத்தது விலை. 2021இல் ரோடியம் அவுன்ஸ் கிட்டத்தட்ட 29,000 டாலரைத் தொட்டது. இப்படிப்பட்ட உலோகம் உள்ள பொருளைப் பாதி விலைக்கும் கீழே ஒருவர் தருகிறார் என்றால், எதைக் குறைத்தார் என்று கேட்க வேண்டாமா? பூச்சு மெலிந்த கன்வெர்ட்டர் முதலில் ஒழுங்காக ஓடும். சில மாதங்களில் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார் குட்டை உடைக்கும். அதே மஞ்சள் விளக்கு மீண்டும் எரியும்.

வெளியே பார்த்தால் நல்லதும் மட்டமானதும் ஒரே இரும்புக் கூடுதான். வாங்குபவருக்கு உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? கலிஃபோர்னியா இதற்கு வழி கண்டது. அங்கே 2009 முதல், மாற்று கன்வெர்ட்டருக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருந்தாக வேண்டும். அந்த எண்ணும் பாக எண்ணும் தயாரித்த தேதியும் புகை செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் கூட்டின் மேலேயே பொறிக்கப்படும். எந்த மாடலுக்கு, எந்த இன்ஜினுக்கு அனுமதி என்பதும் பதிவாகியிருக்கும். 5 ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதம் உண்டு. பழையதைக் கழற்றி இன்னொரு வண்டிக்கு விற்கக் கூடாது.

இங்கே சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடையில் நிற்கும் வாடிக்கையாளர் அப்படியொரு எண்ணைக் கேட்டால் கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார். சட்டமோ உரிமையாளரைத்தான் பிடிக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின், மாசு வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். புகைச் சான்றுக்கான சோதனையும் பெரிய துணையில்லை. பெட்ரோல் வண்டியில் அது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. தண்டனையை வாங்கியவர் தலையில் கட்டும் அரசு, விற்பவர் கையில் இருக்கும் பொருளில் கூட்டின் மேல் படிக்கும்படி ஒரு முத்திரையைக் கட்டாயமாக்குவதுதான் நியாயம். பி.எஸ்.-4 வண்டிக்கான கன்வெர்ட்டரை பி.எஸ்.-6 வண்டியில் மாட்டுவதும் அப்போதுதான் அம்பலமாகும்.

அதுவரை பில்லில் பாக எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குவதே வழி. கழற்றிய பழையதையும் கேட்டு வாங்க வேண்டும். "அதை நாங்களே தூக்கிப் போட்டுடறோம் சார்" என்று பணிமனையில் சொல்வது எப்போதும் உதவும் எண்ணத்தில் அல்ல. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஈகோ வேன்களின் சைலன்சரைத் திருடர்கள் அறுத்துப்போனதும் அந்தச் சில கிராம் உலோகத்துக்காகத்தான். பழையதற்கு என்ன விலை தருவார்கள் என்று பில் போடும் முன்பே பேசிவிடலாம்.