மனை வாங்கிய பின் மனக்கவலை

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவோன் படும் பாடு அம்மொழியுள் அடங்கவில்லை. இக்காலத்திலோ, இதுவரை உழைத்துச் சேர்த்த பொருளையும், இனி இருபது ஆண்டு உழைத்து ஈட்டப்போகும் பொருளையும் ஒரே பத்திரத்தின் மேல் வைத்து வீடு வாங்குவோர் பலர். வாங்கிய சில திங்களுக்குள், "அவசரப்பட்டுவிட்டோமே! அந்த மற்றொரு வீட்டை வாங்கியிருக்கலாகாதா?" என்னும் எண்ணம் அவர்தம் நெஞ்சைக் கரையான்போல் அரிக்கத் தொடங்குகின்றது. வெளியே சொன்னால் நகைப்பிற்கிடமாகுமென்று அடக்கி வைப்பர். அடக்கிய துயரம் மனைவி மக்கள்மேற் சினமாகப் பாயும். பொருள் நட்டத்தினும் இதுவே பெரிய நட்டமென்பது எம் கருத்து. ஆதலின் இக்கவலையின் இயல்பும், அதனைப் போக்கும் வழியும் யாவை என ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்குத் தென்காசியையும் குற்றாலத்தையும்விட ஏற்ற இடம் காண்டல் அரிது. செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் சற்றுத் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாக வழிவிடுகின்றது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே புகுந்து, கீழ்நாட்டில் வெயில் காயும்பொழுதே இங்குச் சாரலைத் தூவுகின்றது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடி ஈரத்தலையோடு தெருவில் நடப்பவனுக்கு, "வீடு விற்பனைக்கு" என்ற பலகையொன்று வானோர் விடுத்த அழைப்பாகவே தோன்றும். பணியினின்றும் ஓய்வு பெற்று, மலையடியில் அமைதியாக வாழலாமென எண்ணும் பழைய மாணவருக்கோ சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அவன் விலை பேசுவது ஆடி மாதத்து வீட்டிற்கு. குடியிருக்க வேண்டியதோ பன்னிரண்டு மாதத்து வீட்டில். பங்குனி சித்திரையில் அருவி நூலாய் மெலிந்து, பல நாள் பாறை மட்டுமே எஞ்சும். விரும்பிய சாரல் காலத்திலோ, விருந்தினர் ஊர்திகள் தெருவை அடைக்கும். மேற்குச் சுவரில் ஓதம் ஏறும். உலர்த்திய துணி உலராது. மரக்கதவு உப்பிச் சாத்த வாராது. இவற்றுள் எதுவும் ஊரின் குற்றமன்று. ஊர் என்றும் இருந்தபடியே இருக்கின்றது. வந்தவன் ஒரு பருவத்தை மட்டும் பார்த்தான்.

சரி, வாங்கியாயிற்று, இனிச் செய்யத்தக்கது யாது? வள்ளுவர் வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில், பின்பு நினைந்து இரங்குதற்குரிய செயலைச் செய்யற்க என்று விதித்து, அவ்வாறு செய்துவிட்டவனுக்கும் ஒரு வழி கூறுகின்றார். அவ்விடத்தில் உரையாசிரியர்கள் பிரிகின்றனர். மணக்குடவர், அத்தன்மையான செயலை மீண்டும் செய்யாமை நன்று எனப் பொருள் கொண்டார். பரிமேலழகரோ, செய்தபின் இருந்து இரங்குதலைச் செய்யாமை நன்று என உரைத்தார். மனை வாங்கியோர்க்கு இவ்விரண்டு உரையும் வேண்டுவனவே. எனினும், வீடு என்பது பலர்க்கு வாழ்நாளில் ஒருமுறையே வாங்கும் பொருளாதலின், மறுமுறை திருந்துவோமென்பது சிறிய ஆறுதலே. பரிமேலழகர் உரையே அவர்க்கு உற்ற துணையாம்.

ஆயின் இரங்காதே என்று சொல்லிவிட்டால் இரக்கம் ஒழிந்துவிடுமோ? ஒழியாது. எல்லாக் கவலையும் ஒரு தன்மையதுமன்று. பத்திரத்தின் குற்றத்தால் வருவது ஒன்று. சுவரின் குற்றத்தால் வருவது ஒன்று. நெஞ்சின் ஒப்பீட்டால் வருவது ஒன்று. முதலதற்கு மருத்துவர் வழக்கறிஞர், இரண்டாவதற்குக் கொத்தனார், மூன்றாவதற்கு வாங்கியவனே. இம்மூன்றையும் கலந்து ஒரே துயரமாக்கிக் கொள்வதனாலேயே மனிதர் செயலற்றுப் போகின்றனர்.

பத்திரக் குற்றத்தை முதற்கண் நோக்குவோம். வில்லங்கச் சான்று பதிவான கொடுக்கல் வாங்கல்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உரிமைகளையும், பாகம் பிரியாத வாரிசுகளின் பாத்தியதையையும் அது காட்டுதல் இல்லை. எனவே தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றை வாங்கிய பின்னராயினும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் தெளிதல் வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், வாங்குவோன் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாததும், விற்போன் அறிந்ததுமான முக்கியக் குறையை விற்போன் வெளியிட வேண்டுமென்று கட்டளையிடுகின்றது. ஏமாற்றப்பட்டு எழுதிக்கொண்ட பத்திரத்தை ரத்துச் செய்யக் கோருவதற்கு, உண்மை தெரிந்த நாள்முதல் 3 ஆண்டுகள் கெடு உண்டு. புதிதாகக் கட்டி விற்கப்பட்ட அடுக்குமாடி வீடாயின், 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டிற்குள் அறிவிக்கப்படும் கட்டுமானக் குறையைக் கட்டியவரே 30 நாளில் கட்டணமின்றிச் சீர்செய்து தருதல் கடன். இவ்விடங்களில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பவன் நாளை மட்டுமன்று, உரிமையையும் இழக்கின்றான். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவிற்குத் தடை விதித்தபொழுது, மலிவென்று மனை வாங்கியிருந்தோர் திகைத்து நின்றனர். 2017இல் அரசு வரன்முறை விதிகளை வகுத்து வழி திறந்தது. அவ்வழியிற் சென்று விண்ணப்பித்தவர்க்குப் பயன் உண்டாயிற்று. விதியை நொந்து வீற்றிருந்தவர்க்கு யாது பயன்?

இனிச் சுவர்க் குற்றம். ஓதம் ஏறிய சுவரைக் கண்டவுடன் வீடே வீணென்று முடிவு செய்தல் பேதைமை. இவ்வூர்ச் சாரல் மேற்கிலிருந்து காற்றோடு சாய்ந்து வருவது. ஆதலின் அத்திசைச் சுவருக்கு நீண்ட இறவாரம் வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சும் நெய்வண்ணமும் ஏற்றினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உப்பும். சுண்ணாம்புச் சாந்தே பூசினால் சுவர் மூச்சுவிட்டு உலரும். ஊரில் நெடுநாள் தொழில் செய்த கொத்தனார் ஒருவரை அழைத்து ஓராண்டின் எல்லாப் பருவத்தையும் பார்த்த பின்னர்ச் செலவிடுதல் அறிவுடைமை. ஆனால் ஒரு குற்றம் மட்டும் பூச்சால் மறையாது. அது வீடு நிற்கும் இடத்தின் குற்றம். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையையும், 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஓர் இளைஞனின் உயிரைக் கொண்டதையும் நாம் மறத்தலாகாது. ஓடையின் வழியில் வீடு வாங்கியவன் மனத்தைத் தேற்றிக்கொள்ளுதல் தகாது. நட்டமாயினும் நீங்குதலே தகும். அங்கே எழும் அச்சம் கவலையன்று, அறிவேயாம்.

நிற்க. பத்திரம் செவ்விது, சுவரும் செவ்விது, ஆயினும் மனம் ஆறவில்லை என்பாரே மிகப் பலர். இவர்க்கு உற்ற நோய் ஒப்பீடு. தாம் வாங்கிய வீட்டின் நாள்தோறும் கண்ட குறைகளையும், வாங்காத வீட்டின் ஒருநாட் கண்ட நிறைகளையும் ஒரு தராசில் இடுகின்றனர். அத்தராசு எங்ஙனம் நேராக நிற்கும்? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்க்கு விடுதிகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதுண்டு. நல்ல விடுதி கிடைத்தால் பேரின்பமென்றும், அல்லாதது கிடைத்தால் பெருந்துன்பமென்றும் அவர்கள் முன்னமே கணித்தனர். பின்பு வினவியபொழுது இருசாராரின் மகிழ்ச்சியும் ஏறக்குறைய ஒத்திருந்ததென டன், வில்சன், கில்பர்ட் என்னும் உளநூலார் 2003இல் வெளியிட்டனர். கட்டடத்தையும் இடத்தையும் எண்ணிய மாணவர், உடன் வாழ்வோரை எண்ண மறந்தனர் என்பது அவர் கண்ட உண்மை. விடுதி வாழ்வை அறிந்த நம் மாணவர்க்கு இது விளங்காமற் போகாது. குற்றாலத்தில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்த இல்லம் இன்றும் பேசப்படுவது அதன் சுவராலோ கூரையாலோ அன்று. நண்பர்கள் கூடிக் கம்பனைச் சுவைத்த இடமாயிருந்தமையாலன்றோ?

கில்பர்ட் மற்றொருவரோடு கூடி 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் கருதத்தக்கது. தாம் எடுத்த நிழற்படங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்ட மாணவருள், பின்னர் மாற்றிக்கொள்ளலாமென்று விடப்பட்டவரைவிட, மாற்ற இயலாதென்று அறிந்தவரே தம் படத்தை மிகுதியும் விரும்பினர். மாற்றும் வாயில் திறந்திருக்கும் வரை மனம் குடியேறாது என்பதே இதன் கருத்து. வீடு வாங்கிய பின்னும் நாள்தோறும் பிற வீடுகளின் விலையை விசாரிப்பவன், தன் கையாலேயே அவ்வாயிலைத் திறந்து வைக்கின்றான்.

"பிடிக்காத வீட்டை விற்றுவிட்டு வேறொன்று வாங்கினாலென்ன?" என்று சிலர் வினவலாம். தக்க காரணம் இருப்பின் விற்கலாம், யாம் தடுக்கவில்லை. எனினும் கணக்குப் பார்த்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2023 முதல் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் பொதுவாகச் செலுத்த வேண்டியுள்ளது. 50 இலட்சம் ரூபாய் வீட்டிற்கு இது 4 1/2 இலட்சம். தரகும் குடிபெயர்ப்புச் செலவும் வேறு. மனநிலை மாறும்பொழுதெல்லாம் வீட்டை மாற்றுவோன் இத்தொகையைத் திரும்பத் திரும்ப இறுப்பான். கவலையோ அவன் பெட்டிகளோடு புதுவீட்டிற்கும் உடன் வரும். ஆகவே ஆண்டொன்று கழியும் வரை விற்கும் பேச்சை எடுப்பதில்லை என இல்லத்தார் கூடி உறுதி செய்தல் நலம். "நீ சொன்னதைக் கேட்டுத்தானே வாங்கினேன்" என்னும் சொல்லையும் அவ்வோராண்டு யாரும் வாய் திறந்து சொல்லாதிருத்தல் அதனினும் நலம். விரிந்த சுவரைச் சாந்தால் அடைக்கலாம். அச்சொல்லால் விரிந்த நெஞ்சை அடைக்கும் சாந்து எவ்வூரிலும் விற்பதில்லை.

தென்காசி விசுவநாதர் கோயிலை எடுத்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன், 1446இல் திருப்பணி தொடங்கிப் பல்லாண்டு முயன்றவன். அத்துணை முயன்றும் தன் கட்டடம் குற்றமற்றதென்று அவன் செருக்கவில்லை. பிற்காலத்தே குறை நேரின் அதனைப் போக்குவார் எவராயினும் அவரை வணங்குவதாகவே கல்லில் எழுதி வைத்தான். அவன் தொடங்கிய கோபுரத்தை அவன் தம்பி குலசேகரன் முடித்தான். அதுவும் பிளவுற்று மொட்டைக் கோபுரமாய் நெடுங்காலம் நின்று, 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. அரசன் எடுத்த கோயிலே பழுது பார்ப்பவர் கையை எதிர்நோக்கி நிற்குமாயின், நாம் வாங்கும் சிறு வீடு குறையின்றி இருத்தல் எங்ஙனம் கூடும்?

ஆதலின் அன்பர்களே, பதிவு அலுவலகத்திற் பெறுவது கட்டடமே. அது வீடாவது அதன்பின் நாம் செய்யும் செயலால். திருத்தத்தக்கதை நாள் கடத்தாது திருத்துக, அபாயமாயின் நீங்குக, ஏனையவற்றைப் பொறுத்து, வாயிலிற் கோலமிட்டு, அண்டை வீட்டாரை அழைத்து, ஒரு மாங்கன்றையும் நட்டு வாழத் தொடங்குக. அக்கன்று காய்க்கும் காலத்தில், வாங்காமல் விட்ட வீட்டின் கதவு என்ன நிறம் என்பதும் நினைவிலிராது.