தேருக்கு மாலை, தச்சனுக்கு?

குளிர் தொடங்கியதும் பழைய கார்கள் கொட்டகையை விட்டு வெளியே வருகின்றன. கோடையில் ரேடியேட்டர் கொதித்து நடுச்சாலையில் நின்றுவிடும் வண்டிகளுக்கு மார்கழியும் தையுமே உகந்த மாதங்கள். டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964இல் தொடங்கிய பேரணி இவ்வகைக் கூடுகைகளுள் நாடறிந்தது. தமிழகத்திலும் பழங்கார் ஆர்வலர் மன்றங்கள் உண்டு. கூடுகை என்றால் பரிசும் உண்டு. பரிசளிக்க உலகெங்கும் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன: நடுவர்கள் மதிப்பெண் இடுவது ஒன்று, மன்ற உறுப்பினர்களே வாக்களிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதை 'ஜனநாயக முறை' என்று மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மெச்சலைத்தான் இங்கே மறுக்க விரும்புகிறேன்.

ஓர் இலக்கியப் பரிசை எண்ணிப் பாருங்கள். நாவலை எழுதியவருக்குப் பரிசு தருகிறோம். அதன் முதற்பதிப்பை விலை கொடுத்து வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பவருக்கு யாரேனும் பொன்னாடை போர்த்துவார்களா? அப்படி ஒரு பரிசு அறிவிக்கப்பட்டால் சிற்றிதழ்கள் எள்ளி நகையாடியிருக்கும். கார்க் கூடுகையில் மட்டும் அதுவே இயல்பாகிவிட்டது. கோப்பையை வாங்க மேடையேறுபவர் உரிமையாளர். வாக்களிப்பவர்களும் பெரும்பாலும் உரிமையாளர்களே. உடைமையாளர் கூடி உடைமையைப் பாராட்டிக்கொள்வதற்கு ஜனநாயகம் என்பது பெரிய சொல்.

இந்த மயக்கம் நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையை மேடைதோறும் புகழ்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டு, குடத்தில் இடப்படும் ஓலையில் யார் பெயர் இருக்கலாம் என்பதையும் சொல்கிறது: வரி செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35 முதல் 70 வரை, வேத அறிவும் வேண்டும். நிலத்தில் உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. ஆனாலும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிவைக்கும் நேர்மை அந்தச் சபைக்கு இருந்தது. முன்னோர் பெருமை பேசுவோர் அந்தப் பாதியையாவது எடுத்துக்கொள்ளலாம்.

சரி, ஐம்பது வயதான கார் ஒன்று இன்று ஓடுகிறது என்றால் அதற்கு என்ன பொருள்? அதன் உதிரிப் பாகங்கள் பலவற்றை இப்போது எவரும் தயாரிப்பதில்லை. தேய்ந்த புஷ்ஷை லேத்தில் ஒருவர் கடைந்து தந்திருக்கிறார். கேஸ்கட்டைத் தாளில் வரைந்து ஒருவர் கத்தரித்திருக்கிறார். நசுங்கிய மட்கார்டை உட்புறமிருந்து மரச்சுத்தியால் தட்டித் தட்டிப் பழைய வளைவுக்கு ஒரு டிங்கர் கொண்டுவந்திருக்கிறார். கார்புரேட்டரின் குறையை இன்னொருவர் காதால் கேட்டே கண்டிருக்கிறார். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கும் வத்தலக்குண்டுக்கும் போகும் சாலைகளில் இத்தகைய கைகள் உள்ள பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. கொடைக்கானல் மலை ஏறி இறங்கிய அம்பாசடர்களை உயிரோடு வைத்திருந்தவை அவைதாம். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. பையனாகச் சேர்ந்து அதைப் பிரித்துப் பூட்டிக் கற்றவர்களுக்கு வயதாகிவிட்டது. கணினியைச் செருகிக் கோளாறு பார்க்கும் இந்நாளில் அந்தக் காதும் கையும் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. கார்கள் எஞ்சும், அவற்றை ஓடவைக்கத் தெரிந்தவர்கள் எஞ்சமாட்டார்கள். பரிசு பற்றிய இந்தச் சச்சரவில் உண்மையில் பணயமாக இருப்பது இதுவே.

இந்த வட்டாரத்து மோட்டார் வரலாறும் கைவேலையின் வரலாறுதான். 1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழிலைத் தொடங்கினார். அதைத் தாமே ஓட்டினார். அதற்கு முன்பே ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிப் பழகியவர் அவர். இன்று கோவையில் அவர் பெயரோடு கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அவர் நினைக்கப்படுவது கார்கள் வைத்திருந்ததற்காக அல்ல, கழற்றிப் பார்த்ததற்காக.

அரசும் உடைமையைத்தான் பார்க்கிறது. 2021இல் ஒன்றிய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது, புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மூல வடிவத்தைக் காத்தவர் யார் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் ஊருக்குப் பெயர் வந்தது. அரத்தைப் பிடித்த கைக்கு வரவில்லை.

"பணம் போட்டு மீட்டவர் இல்லையென்றால் அந்தக் கார் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்குமே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புரவலரை மறுக்கும் மரபல்ல நம்முடையது. ஆனால் புரவலரை நம் மரபு எப்படிப் புகழ்ந்தது என்று பாருங்கள். புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவை அதியமானின் வலிமையைச் சொல்ல வருகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரத்தை உவமையாக எடுக்கிறார். வேந்தனை அளக்கக் கைவினைஞனின் பொறுமையே அளவுகோலாக இருந்திருக்கிறது. தச்சனை உயர்த்தியதால் அதியமான் தாழ்ந்துவிடவில்லை.

ஆகவே கேட்பது மூன்றே. காரின் முன் வைக்கும் அட்டையில் உரிமையாளர் பெயருக்குக் கீழே மெக்கானிக், டிங்கர், பெயிண்டர், சீட் தைத்தவர் பெயர்களும் இருக்கட்டும். அரண்மனைக் கார்களுக்கு நிகராக, வாடகைக்கு ஓடித் தேய்ந்த அம்பாசடருக்கும் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் தனிப் பிரிவு இருக்கட்டும். மூன்றாவதாக, வாக்குச்சீட்டு பட்டறைக்காரர்களுக்கும் தரப்படட்டும். பளபளப்பில் உறுப்பினர்கள் ஏமாறலாம், அவர்கள் ஏமாறமாட்டார்கள். கதவில் விரலால் ஒரு தட்டுத் தட்டி, உள்ளே இருப்பது தகடா, பெயிண்டுக்குள் அப்பிய பட்டியா என்று சொல்லிவிடுவார்கள்.