வளைவை வரைவது சுலபம், வளைப்பது?

சுங்கைப் பட்டாணி, கூலிம் பக்கம் புது வீடு வாங்கும் இளம் தம்பதிகளில் பலர் இப்போது நேர்க்கோட்டில் அலமாரி கேட்பதில்லை. தொலைக்காட்சி மேடை வளைய வேண்டும், சமையலறை கவுண்டரின் முனை உருண்டிருக்க வேண்டும், சாமி மேடைக்கும் ஒரு வளைவு வேண்டும். இது வெறும் மோகமல்ல. தாமான் வீட்டின் ஒடுக்கமான கூடத்தில் ஓடி விளையாடும் பிள்ளையின் நெற்றியும் மேசையின் கூர்முனையும் ஒரே உயரத்தில்தான் இருக்கின்றன.

என் வானொலி நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்கள் வீடு பற்றிப் பேசினால், பாதிப் பேர் சொல்லும் குறை ஒன்றுதான். “கம்ப்யூட்டர்ல காட்டினது ஒண்ணு, வீட்டுக்கு வந்தது ஒண்ணு.” முன்பணம் கட்டியாகிவிட்டது. ஆசாரியோ, “இந்தப் படத்துல இருக்கிற மாதிரி பலகை வளையாதுங்க” என்கிறார். வரைந்த தம்பியும் பொய் சொல்லவில்லை, ஆசாரியும் பொய் சொல்லவில்லை. பிறகு எங்கே இடறுகிறது?

முதல் இடறல் திரைக்குள்ளேயே இருக்கிறது. உள்அலங்கார வரைவுக்குப் பலரும் பயன்படுத்தும் ஸ்கெட்ச்அப் மென்பொருளில் வட்டம் என்பது உண்மையில் வட்டமல்ல. நாம் மாற்றாத வரை அது 24 நேர்க்கோடுகளைச் சேர்த்த உருவம். 600 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்ட மேசையை அப்படி வரைந்தால், ஒவ்வொரு கோடும் சுமார் 157 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கோட்டின் நடுப்பகுதி உண்மையான வளைவைவிட 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். படத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதே கோப்பு வெட்டும் இயந்திரத்துக்குப் போனால், விளிம்பைத் தடவும் கை கண்டுபிடித்துவிடும். பக்கங்களை 96 ஆக்கினால் அந்த 5 மில்லிமீட்டர் ஏறக்குறைய 0.3 ஆகக் குறைகிறது. ரைனோ போன்ற மென்பொருள்கள் வளைவைக் கணித வளைவாகவே வைத்திருப்பதால் அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது இடறல் பலகையில். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டைக் கால் வட்டமாக வளைத்தால், வெளிப்பக்கத்தின் நீளம் உட்பக்கத்தைவிடச் சுமார் 28 மில்லிமீட்டர் அதிகம். அந்த 28 மில்லிமீட்டரை உட்பக்கத்திலிருந்து எடுத்தாக வேண்டும். அதற்குத்தான் ஆசாரிகள் பலகையின் பின்புறம் வரிசையாக ரம்பக் கீறல் போடுகிறார்கள். ரம்பம் 3 மில்லிமீட்டர் அகலம் என்றால், ஒன்பது பத்துக் கீறல் தேவை. கீறல்கள் தள்ளித் தள்ளி இருந்தால் மேற்பரப்பில் மடிப்பு தெரியும், நெருக்கிப் போட்டால் வளைவு சீராக வரும். இல்லையென்றால் வளைவதற்கென்றே செய்த மெல்லிய பிளைவுட்டை அடுக்கடுக்காக, அச்சின்மேல் வைத்து ஒட்ட வேண்டும். எப்படிச் செய்தாலும் கூலியும் நாளும் கூடும். படத்தில் ஒரே சொடுக்கில் வந்த வளைவின் விலை இங்கேதான் ஏறுகிறது.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வளைவின் ஆரம் எவ்வளவு? எந்தப் பலகையில், எந்த முறையில் வளைக்கப் போகிறீர்கள்? செய்யப் போகும் ஆசாரி இந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டாரா? மூன்றாவதற்குப் பதில் ‘இல்லை’ என்றால், பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

வளைந்த மரம் நமக்குப் புதிதும் அல்ல. பழைய காப்பிக்கடைகளில் பளிங்கு மேசையைச் சுற்றிக் கிடக்கும் வளைந்த முதுகு நாற்காலிகளைப் பாருங்கள். அவற்றின் மூதாதை, மிக்கேல் தோனெட் 1859இல் உருவாக்கிய 14ஆம் எண் நாற்காலி. பீச் மரக்கட்டையை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வளைத்தார். ஆறே மரத்துண்டுகள், பத்துத் திருகாணி, இரண்டு மரை. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும். மரம் எவ்வளவு வளையும் என்று தெரிந்தபின் பிறந்த வடிவம் அது.

நம் கெடாவில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. என் பாட்டி பீடோங் பக்கத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் காலத்தில், பால் வற்றிய மரம் பெரும்பாலும் விறகாகத்தான் போனது. பிறகு போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவியது. பூச்சியும் நீலக்கறையும் கட்டுப்பட, ரப்பர் மரம் மலேசிய மரச்சாமான் ஏற்றுமதியின் முதுகெலும்பாகிவிட்டது. சிறு துண்டுகளை விரல் கோப்பதுபோல் இணைத்துப் பலகையாக்குகிறார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று இந்த மென்பொருள்களைப் படிக்கிறார்கள். மகிழ்ச்சி. தம்பி, தங்கைகளே, மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது லூனாசிலோ பாடாங் செராயிலோ ஒரு பட்டறையில் போய் நில்லுங்கள். எந்தப் பலகை எந்த ஆரத்தில் விரிசல் விடும் என்பது அங்கே இருக்கும் ஆசாரியின் விரலுக்குத் தெரியும். அவர் ஓய்வு பெற்றுவிட்டால், அதைக் கேட்க ஆளிருக்காது.