மீட்கப் போகும் படகின் நட்டம் யார் கணக்கில்?

வடகிழக்குப் பருவமழை கைமீறிப் போகும் ஆண்டுகளில் எல்லாம் கடலில் ஓட வேண்டிய ஃபைபர் படகுகள் லாரியேறி ஊருக்குள் வருகின்றன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்களில் ஓடின. இரண்டே வாரம் கழித்துத் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் வெள்ளக்காடானபோது அங்கும் மீனவர்களே படகோடு இறங்கினார்கள். மழை வடிந்ததும் அவர்களைத் தெய்வங்கள் என்று புகழ்கிறோம், மேடையில் சால்வை போர்த்துகிறோம். ஆனால், மீட்புக்குப் போன நாட்களின் கூலி, எரிந்த எண்ணெய், உடைந்த என்ஜின், அடுத்த வாரம் வந்த காய்ச்சல் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஏற்பாடு எதுவும் இல்லை. தன்னார்வ மீட்பில் ஈடுபடும் மீனவரின் இழப்பை ஈடுகட்டுவது அரசின் சட்டபூர்வமான கடமையாக வேண்டும்; அதற்கான அரசாணை அடுத்த பருவமழைக்கு முன்பே வர வேண்டும்.

'மீட்புப் பணிக்கென்றே தேசியப் பேரிடர் மீட்புப் படையும் மாநிலப் படையும் தீயணைப்புத் துறையும் இருக்கும்போது மீனவர்களை எதற்கு நம்ப வேண்டும்?' என்று கேட்கலாம். அந்தப் படைகளின் திறமையில் யாருக்கும் ஐயமில்லை. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. சாலைகள் அறுந்தன, தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துச் சென்றது, ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து எந்தப் படையும் எளிதில் நுழைய முடியாத அந்த முதல் சில மணி நேரத்தில் உயிரைக் காப்பது பக்கத்தில் இருக்கும் ஆளும் பக்கத்தில் இருக்கும் படகும்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை கொண்ட மாநிலத்தில் அந்த ஆளும் படகும் ஏற்கெனவே இருக்கின்றன. அரசு புதிதாக வாங்க வேண்டியதில்லை, கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

2018 ஆகஸ்டில் கேரளம் இதை நாட்டுக்கே காட்டியது. 669 படகுகளில் போன சுமார் 4,500 மீனவர்கள் ஏறத்தாழ 65,000 பேரை மீட்டதாக அம்மாநில அரசின் கணக்கு சொல்கிறது. விழிஞ்ஞம், பூந்துறை போன்ற கடலோர ஊர்களிலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் வரை போனவர்கள் அவர்கள். அதற்கு ஒன்பது மாதம் முன்புதான் அதே ஊர்கள் ஒக்கிப் புயலில் தங்கள் ஆட்களைக் கடலில் தொலைத்துவிட்டு, தேடுவதற்கு யாரும் விரைந்து வரவில்லையே என்று குமுறிக்கொண்டிருந்தன. அந்தக் குமுறல் ஆறும் முன்பே ஊராருக்காக ஓடியவர்களுக்கு, படகு ஒன்றுக்கு நாளுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாகவும், சேதமான படகுகளைச் சரிசெய்து கொடுப்பதாகவும் கேரள அரசு அறிவித்தது. நல்ல முன்மாதிரிதான். ஆனாலும் அது வெள்ளம் வந்த பிறகு செய்த அறிவிப்பு. படகில் நான்கைந்து பேர் போனால் ஆளுக்கு 600 முதல் 750 ரூபாய்தான் தேறும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தெருவெள்ளத்தில் ஒரு படகுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கடலோரத்துக்கு வெளியே இருப்பவர்கள் அதிகம் அறிவதில்லை. கடலில் அடியில் ஆழம் இருக்கும். தெருவில் தேங்கிய தண்ணீருக்குக் கீழே சுற்றுச்சுவர், இரும்புக் கதவு, நிறுத்திவைத்த பைக், கம்பி வேலி எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. என்ஜினின் விசிறி அவற்றில் மோதி இதழ் உடைகிறது. பிளாஸ்டிக் பையும் துணியும் கேபிளும் சுற்றிக்கொண்டு நின்றே போகிறது. அப்போது இரண்டு பேர் சாக்கடை கலந்த தண்ணீரில் குதித்துப் படகைத் தோளால் தள்ளுகிறார்கள். படகின் அடிப்பாகம் கல்லில் உராய்ந்து விரிசல் விடுகிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல அந்த இடத்தில் யாரும் இருப்பதில்லை. கேரள வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவி, மீட்பில் ஈடுபட்டவர்களைத் தேடித் தேடி டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. காலில் ஒரு சிறு கீறலோடு அந்தத் தண்ணீரில் ஒரு நாள் நின்றாலே அந்த நோய் தொற்றிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் எழுத்தில் இருப்பது என்ன? 2022 முதல் 2026 வரையிலான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி, மீட்புப் பணியில் இருப்பவர் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். பலத்த காயத்தோடு ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தால் 16,000 ரூபாய். படகு பகுதியாகச் சேதமானால் 6,000 ரூபாய், முழுதாகப் போனால் 15,000 ரூபாய். என்ஜினோடு ஒரு ஃபைபர் படகை இறக்கப் பல லட்சம் ஆகும். மாநில அரசு தன் பங்காகக் கூடுதலாகத் தருவதுண்டு என்றாலும், படகுக்கான அந்தத் தொகைகள் எல்லாம் புயலில் கரையில் நின்று உடைந்த படகை மனதில் வைத்து வகுக்கப்பட்டவை. பிறரைக் காப்பாற்றப் போய் உடைந்த படகுக்கும் அதே அளவுகோல்தான் என்பது எந்த நியாயத்திலும் சேராது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' திட்டம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலருக்குப் பயிற்சியும் மீட்புக் கருவிப் பையும் காப்பீடும் தர வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பங்கு 5,500 பேர். வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால், அதன் காப்பீட்டுக் காலம் மூன்று ஆண்டுகள்தான். படகுக்கும் இழந்த கூலிக்கும் அதில் இடமே இல்லை.

பணம் கொடுத்தால் சேவை மனப்பான்மை கெட்டுவிடும் என்பார்கள். சகோதரர்களைக் காப்பாற்றியதற்குக் காசு வேண்டாம் என்று கேரளத்தில் சில மீனவர்களே மறுத்தார்கள் என்பதையும் எடுத்துக்காட்டுவார்கள். அந்த மறுப்பு அவர்களுடைய பெருந்தன்மை. அதைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. ஜெர்மனியில் தீயணைப்பில் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் தன்னார்வலர்கள். பணி நேரத்தில் அழைப்பு வந்து அவர்கள் கிளம்பினால் முதலாளி சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. தனியார் முதலாளிக்கு அந்தத் தொகையை உள்ளாட்சி அமைப்பு திருப்பித் தருகிறது. சொந்தத் தொழில் செய்பவருக்கும் இழந்த வருமானம் ஈடுசெய்யப்படுகிறது. இதனால் அங்கே தன்னார்வம் செத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியாவிலோ, தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கு ஈடு எதுவும் இல்லாமலே காலம் ஓடியது. 2019-20 காட்டுத்தீ மாதக்கணக்கில் நீண்டு, கடையும் பண்ணையும் பூட்டிக் கிடக்க அவர்கள் களத்திலேயே நின்றபோதுதான், 2019 டிசம்பர் கடைசியில், நாளுக்கு 300 டாலர் வீதம் 6,000 டாலர் வரை தர அரசு முன்வந்தது. அதுவும் பத்து நாளுக்கு மேல் பணியாற்றியவர்களுக்கு மட்டும். ஈடு என்பது கூலிக்கு ஆள் பிடிப்பது அல்ல. மனமிருப்பவர் தன் வீட்டு அடுப்பு அணையாமல் வந்து உதவ வழி செய்வது. மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பு இருக்கிறது. கடல் தொழிலில் விடுப்பு கிடையாது. படகு போகாத நாளில் பங்கும் இல்லை.

புயல் நாளில் எப்படியும் கடலுக்குப் போக முடியாதே, அப்புறம் என்ன இழப்பு என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால், புயல் கரை கடந்து எச்சரிக்கை விலகிய பிறகும் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நாட்கணக்கில் நிற்கிறது. மற்ற படகுகள் தொழிலுக்குக் கிளம்பும்போது மீட்புக்குப் போன படகு நகரத்தில் நிற்கிறது, அல்லது என்ஜின் கழற்றிப் பட்டறையில் கிடக்கிறது. தொழிலுக்குப் போகாத நாளுக்கு ஈடு தருவது தமிழ்நாடு அரசுக்குப் புதிய கொள்கையும் அல்ல. மீன்பிடித் தடைக்கால 61 நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் தரப்படுகிறது. அந்தத் தொகை 2023-ல் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. மீன்வளம் பெருகுவதற்காகக் கரையில் நிற்கும் நாளுக்கு ஈடு உண்டென்றால், மனித உயிரைக் காக்க ஊருக்குள் நிற்கும் நாளுக்கு ஏன் இல்லை?

செலவையும் பார்த்துவிடலாம். 500 படகுகள், படகுக்கு ஐந்து பேர், ஐந்து நாள் பணி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளுக்கு 1,000 ரூபாயும் படகுக்கு 2,000 ரூபாயும் கொடுத்தால், எரிபொருளும் பழுதுச் செலவும் நீங்கலாக 1.75 கோடி ரூபாய் ஆகிறது. மிக்ஜாம் புயலுக்குப் பின் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் வீதம் நிவாரணம் கொடுத்தோமே, அதில் 3,000 குடும்பங்களுக்குக்கூட எட்டாத தொகை இது. போலிக் கணக்கு எழுதிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் முன்பதிவே மருந்து. ஒவ்வொரு படகின் பக்கவாட்டிலும் பதிவு எண் எழுதியிருக்கிறது. எந்தப் படகு, எந்த ஆட்கள், எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ள ஒரு வருவாய் ஆய்வாளர் போதும்.

செப்டம்பர் மாதத்துக்குள் ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் மீன்வளத் துறையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து, விருப்பமுள்ள படகுகளையும் ஆட்களையும் பதிவுசெய்ய வேண்டும். முதலுதவி, மின்கம்பி அபாயம், தெருவெள்ளத்தில் படகு செலுத்தும் முறை ஆகியவற்றில் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்திலேயே பயிற்சி கொடுத்து, உயிர்காப்புச் சட்டையும் ரப்பர் காலணியும் கையில் தர வேண்டும். பதிவு நீடிக்கும்வரை காப்பீடும் நீடிக்க வேண்டும். படகின் சேதத்தை நிவாரண விதியின் 15,000 ரூபாயோடு நிறுத்தாமல் உண்மையான பழுதுச் செலவின்படி மதிப்பிட்டு, பணி முடிந்த முப்பது நாளுக்குள் வங்கிக் கணக்கில் சேர்க்க வேண்டும். தண்ணீரில் நின்ற அனைவருக்கும் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையும் இரண்டு வாரக் கண்காணிப்பும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பாக வேண்டும். பருவமழைக்கு முன் ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் முன்னேற்பாட்டுக் கூட்டத்துக்கு மீனவர் பிரதிநிதிகளையும் அழைத்து, இந்த அரசாணையின் நகலை அங்கேயே அவர்களிடம் கொடுக்க வேண்டும்.